ஒரே கம்பெனி காரை ஏன் விடுவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரே கம்பெனி காரை வாங்குவதற்கு விளம்பரமும் அந்தஸ்தும்தான் காரணம் என்று உங்கள் இதழின் கார் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். பெருநகரங்களில் அப்படி இருக்கலாம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் கார்களைப் பழுது பார்க்கிற எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. இங்கே ஷோரூமுக்குப் போகுமுன் மூன்று பேரிடம் கேட்பார்கள்: வீட்டு டிரைவர், வழக்கமான மெக்கானிக், பழைய கார் புரோக்கர். வண்டி நின்றால் யார் பார்ப்பது, பாகம் எத்தனை நாளில் கிடைக்கும், விற்றால் எவ்வளவு தேறும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான் நிறம் எது என்ற பேச்சே எழும்.

அம்பாசிடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் கடைசியில் வந்த வண்டி, 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. இடையில் அதைவிட வேகமான, சிக்கனமான கார்கள் எத்தனையோ வந்தும் இந்தப் பக்கத்து டாக்ஸி டிரைவர்கள் அதை லேசில் விடவில்லை. ஸ்பார்க்குக்கான பாயிண்டின் இடைவெளியை (பாயிண்ட் கேப்) சரிசெய்ய ஒரு திருப்புளியும் 0.4 மில்லிமீட்டர் கேஜும் போதும். பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் உடைந்தால் அந்த ஒரு பிளேட்டை மட்டும் போடலாம். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடாகி, பெட்ரோல் ஆவியாகி, வண்டி நின்றால் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தால் கிளம்பிவிடும். அது தொல்லை இல்லாத வண்டி அல்ல, அடிக்கடி தொல்லை கொடுத்த வண்டிதான். ஆனால் என்ன தொல்லை வரும், அதற்கு என்ன செய்யவேண்டும் என்பது திருப்பத்தூர் சாலையில் இருந்த ஒவ்வொரு பட்டறைக்கும் தெரிந்திருந்தது. டிரைவர்கள் நம்பியது அதைத்தான்.

இதைவிடத் தெளிவான சான்று ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின். 1,248 சி.சி. மாருதி ஸ்விஃப்டிலும் டிசையரிலும் டி.டி.ஐ.எஸ். என்ற பெயரில் ஓடியது. டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட், ஃபியட் புண்டோவிலும் லீனியாவிலும் மல்டிஜெட். அடிப்படை ஒன்றேதான். மூன்றிலும் டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் செயின்), மூன்றுக்கும் சுமார் 3 லிட்டர் ஆயில். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் மூன்றிலும் ஒரே நோய் வரும்: காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கரகரவென்று செயின் சத்தம். அதையும் கண்டுகொள்ளாவிட்டால் செயின் பல் தாண்டி, வால்வைத் தள்ளும் ராக்கர் ஆர்ம்கள் உடையும். 10,000 கிலோமீட்டருக்குள் சரியான கிரேடு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி வந்தால் மூன்றுமே நீண்ட நாள் உழைக்கும்.

அப்படியிருந்தும் இந்த ஊர்களில் ஸ்விஃப்ட், டிசையர் வைத்திருந்தவர்கள் அதே கம்பெனியில் அடுத்த காரையும் எடுத்தார்கள். லீனியா வைத்திருந்தவர்களில் பலர், ஓட்டுவதற்கு அதைப்போல் வண்டி கிடையாது என்று சொல்லிக்கொண்டே விற்றார்கள். இன்ஜினில் வித்தியாசம் இல்லாதபோது வித்தியாசம் எங்கே? ஹெட்லைட், பம்பர், சைடு மிரர், கதவு ரப்பர், ஏ.சி. குழாய் ஆகியவற்றில்தான். செயின் கிட் ஒரு வண்டியின் ஆயுளில் ஒருமுறை தேவைப்படலாம். குன்றக்குடி சாலையில் ஆடு குறுக்கே வந்து பம்பர் உடைவதற்கு நாள் கணக்கு கிடையாது. சில காலம் டாடா டீலர்கள் வழியாக விற்கப்பட்ட ஃபியட் கார்கள், 2012-க்குப் பிறகு தனி வலையமைப்புக்குப் போனபோது சிற்றூர்களில் அந்த வலை மெலிந்தது. நல்ல இன்ஜினால் மட்டும் ஒரு வாடிக்கையாளரைத் தக்கவைக்க முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

பாகம் எப்படி விற்கப்படுகிறது என்பதும் முக்கியம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கையில் ரப்பர் புஷ் மட்டும் தேய்ந்திருக்கும். சில கம்பெனிகளில் புஷ் தனியாக வாங்கி பிரஸ்ஸில் ஏற்றிவிடலாம். சில கம்பெனிகளில் முழு ஆர்மையே வாங்கவேண்டும். ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது உடைந்ததற்கு முழு லைட்டையே வாங்கவேண்டும். ஃபோர்ட் இந்தியா முழு அசெம்ப்ளிக்குப் பதிலாக உட்பாகங்களைத் தனித்தனியே விற்க முன்வந்தது நல்ல காரியம். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்த பிறகும் ஃபிகோவையும் எக்கோஸ்போர்ட்டையும் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் இங்கே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு.

இனி செட்டிநாட்டுக்கே உரிய விஷயம். இங்குள்ள பல கார்கள் ஓடி ஓடித் தேய்வதில்லை, நின்று நின்று கெடுகின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால் வருவார்கள். மற்ற மாதங்களில் முற்றம் வைத்த வளவு வீட்டு ஷெட்டில் கார் நிற்கும். இன்றைய காரைப் பூட்டிய பின்னும் அலாரம், சென்ட்ரல் லாக், கம்ப்யூட்டர் ஆகியவை சேர்ந்து பேட்டரியிலிருந்து 30 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 40 என்று வைத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி 18 நாளில் பாதியாகும், ஐந்து வாரத்தில் காலி. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டவேண்டியது 12-க்குக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்துவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

வீட்டுக்கார அப்பச்சி அதிகாலையில் விமானத்தில் வந்து இறங்கி, பிள்ளையார்பட்டிக்குக் கிளம்ப சாவியைத் திருப்புகிறார். செல்ஃப் எடுக்கவில்லை. "இந்தக் கம்பெனி வண்டியே சரியில்லை" என்ற தீர்ப்பு அந்த நிமிடமே எழுதப்படுகிறது. அடுத்த கார் வேறு கம்பெனி. கம்பெனி மேல் இதில் தவறே இல்லை. 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்திருந்தால் போதும். (சில கார்களில் ரேடியோ அதன் குறியீட்டு எண்ணைத் திரும்பக் கேட்கும், அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.) ஹேண்ட் பிரேக் போட்டு விட்டுப்போனால் மழைக்காலத்தில் பின்சக்கர பிரேக் டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே சரி. டயரில் வழக்கத்தைவிட 5 பி.எஸ்.ஐ. கூடுதல் காற்று வைத்து, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒருமுறை வண்டியை இரண்டடி நகர்த்தச் சொல்லவேண்டும்.

எலி அடுத்த தொல்லை. ஷெட்டை ஒட்டி நெல் மூட்டையும் பழைய சாமான்களும் இருக்கும் வீடுகளில் இன்ஜின் வயரைக் கடிக்காத எலி கிடையாது. பானட்டைத் திறந்து வைத்தால் இருட்டு இல்லாததால் கூடு கட்டுவது குறையும். ஷெட் கதவின் அடி இடைவெளிக்குக் கம்பி வலை அடிப்பது அதைவிட நிச்சயம். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் ஒரு வயர் அறுந்ததற்கு, வயர்க் கட்டான ஹார்னஸ் முழுவதையும் மாற்றச் சொல்கிற இடங்கள் உண்டு. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அந்த ஒரு வயரை மட்டும் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடிக் கொடுப்பார். அப்படி ஒருவர் ஊரில் இருக்கும் வரை அந்தக் காரை வீட்டில் வைத்துக்கொள்வார்கள்.

டொயோட்டா இன்னோவாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2005-இல் குவாலிஸின் இடத்துக்கு வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளின் வண்டி அதுதான். அப்பத்தா குனியாமல் ஏறி உட்காரலாம், கடைசி சீட்டை மடித்தால் சீர் சாமானும் ஏறும். டிரைவர்கள் பெரிதாகச் சொல்வது வேறு காரணம்: வண்டி முன்கூட்டியே எச்சரிக்கும். முதல் தலைமுறை 2.5 லிட்டர் டீசலில் செயினுக்குப் பதிலாக இருந்த டைமிங் பெல்ட்டை மாற்றும் கெடு வந்தால் மீட்டரில் தனி விளக்கு எரியும். அதை மதித்து பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றியவர்களின் வண்டி லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியது. பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டினால் பெல்ட் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதும். 2016-இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவில் செயின் என்பதால் அந்தக் கவலை இல்லை.

இப்படி வளர்ந்த நம்பிக்கை இப்போது வேறு விதமாகக் கெடுகிறது. ஸ்கேனர் வைத்து எரர் கோடு (பழுதுக் குறியீடு) படிப்பது எங்களைப் போன்ற பட்டறைகளாலும் முடியும். ஆனால் புது சாவியைப் பதிவு செய்யவும், ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்) வேலைக்கும், பல டீசல் கார்களில் இன்ஜெக்டர் மாற்றிய பின் அதன் குறியீட்டு எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றவும் கம்பெனி மென்பொருள் வேண்டும். அது இல்லாததால் காரைக்குடியில் முடியவேண்டிய வேலைக்குச் சில வண்டிகளை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோக வேண்டியிருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடவில்லை என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அதை எதிர்த்து வழக்குக்குப் போயின. வேறு வழியில்லாமல் கம்பெனி சர்வீஸுக்கே திரும்பிப் போகிறவரை விசுவாசமான வாடிக்கையாளர் என்று கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமில்லை. அடுத்த கார் வாங்கும்போது அவர்தான் முதலில் கம்பெனியை மாற்றுவார்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுக் காரை அறிமுகம் செய்யும்போது மைலேஜோடும் திரையின் அளவோடும் நிறுத்திவிடாதீர்கள். முன் பம்பர், ஹெட்லைட், சைடு மிரர், கிளட்ச் செட் இவற்றின் விலையைப் போடுங்கள். லோயர் ஆர்ம் புஷ் தனியாகக் கிடைக்குமா, வெளிப் பட்டறையில் சாவி பதிவு செய்ய முடியுமா, மாவட்டத் தலைநகர் அல்லாத ஊருக்குப் பாகம் வர எத்தனை நாள் ஆகும் என்று கம்பெனியிடம் கேட்டு எழுதுங்கள். பதில் தராத கம்பெனி எது என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கார் பழுது பார்க்கும் வாசகர்கள்,
காரைக்குடி.