அரைக் கட்டை

நேற்று இரவு என் தனிக் கச்சேரி மேடையை விட்டு இறங்கியதிலிருந்து தூக்கமே வரவில்லை. தூங்கி எழுந்து நிதானமாக எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. குரல் நாண் புண்பட்டு, கச்சேரி தள்ளிப்போய், கடந்த ஐந்து மாதம் என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பவும் இங்கே விரிக்கப் போவதில்லை. பதினான்கு பாட்டையும் பாடி முடித்தேன். கடைசி வரைக்கும் குரல் கூடவே வந்தது.

முதலில் எங்கள் கீபோர்டு அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அண்ணா என்றே எழுதுகிறேன்.

பாட்டுப் போட்டியில் என்னைப் பார்த்தவர்களுக்கு அந்த இறுதிச் சுற்றுப் பாட்டு நினைவிருக்கும். ஐந்து கட்டைச் சுருதி (சுருதிக்குக் கட்டை கூடக் கூடக் குரல் மேலே போக வேண்டும்). மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தை, அதாவது உச்சியில் வரும் 'ப' சுரத்தை, பிடித்துக்கொண்டு நின்றேனே, நடுவர்கள் எழுந்து கைதட்டினார்களே, அந்த இடம். இரண்டாம் இடம்தான் கிடைத்தது, ஆனால் என்னை ஊருக்கெல்லாம் தெரியவைத்தது அந்த ஒரு சுரம். அதனால் தனிக் கச்சேரி என்றதுமே, அந்தப் பாட்டு கடைசியில், அதே சுருதியில் என்று யாரும் பேசாமலே முடிவாகிவிட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. குரல் சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இப்போது சுருதியை இறக்கக் கேட்டால், 'பார்த்தாயா, போய்விட்டது' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

முதல் ஒத்திகையில் மூன்று முறை அந்த இடத்துக்குப் போனேன். மூன்று முறையும் முந்தைய வரியிலேயே தோள் தூக்கிக்கொண்டது, தாடை இறுகியது. சுரம் வந்தது. எப்படி வந்தது என்று எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கிட்டார் வாசிப்பவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது முறைக்காக டிரம்ஸ் தம்பி குச்சியைத் தூக்கியபோது, கீபோர்டு அண்ணா கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். இந்த அஞ்சு கட்டை எனக்குக் கைக்கு உட்கார மாட்டேங்குது. நாலரைக்கு இறக்கிக்கலாமா? தப்பா நினைச்சுக்காதீங்க."

கீபோர்டு தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பாட்டு ஐந்து கட்டையில் இருந்தால் வாசிக்கிறவருக்குக் கீபோர்டில் விரலால் அழுத்தும் கறுப்புக் கட்டை ஒன்றே ஒன்றுதான் குறுக்கே வரும். நாலரைக்கு இறக்கினால் ஐந்து கறுப்புக் கட்டைகளும் வரும். புதிதாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் எளிதாக வாசிக்கும் சுருதி தனக்கு வரவில்லை என்று, இருபது வருடத்துக்கும் மேலாக வாசிக்கிற ஒரு மனிதர் எல்லோர் முன்னாலும் சொல்கிறார். அதற்குப் பதிலாகக் கேட்டது கைக்குக் கஷ்டமான சுருதி. டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் கை மாறாமலே சுருதி இறங்கிவிடும். அதையும் அவர் தொடவில்லை. அழுத்தியிருந்தால் அது பாடுகிறவளுக்காக இறக்கியதாகிவிடும் இல்லையா? அன்றைக்கு முழுவதும் அந்தக் கறுப்புக் கட்டைகளிலேயே வாசித்தார்.

ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. கிட்டார் அண்ணா ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக இறக்கிச் சுருதி சேர்த்தார். நான் தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் நின்றேன், எடுத்தால் அழுதிருப்பேன். அப்புறம் பாடினேன். தோள் தூக்கவில்லை.

ஐந்து கட்டையில் பாடும்போது அந்த உச்சிச் சுரத்தில் குரல் நாண்கள் வினாடிக்கு 587 முறை மோதித் திறக்கின்றன. அரைக் கட்டை இறக்கினால் 554. எண்ணாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. புண்பட்டு ஆறிய இடத்துக்கு அது பெரிய ஓய்வு.

போட்டி மேடையை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் அங்கே பாட்டை இரண்டு நிமிடத்துக்கு வெட்டித் தருவார்கள், அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஓர் உச்சி இருந்தாக வேண்டும். வாராவாரம் அதையே பழகியதில், முழுப் பாட்டில் எங்கே மூச்சைச் சேர்த்துவைப்பது, எங்கே சும்மா இருப்பது என்பது எனக்குத் தெரியவே இல்லை. ஒன்றரை மணி நேரக் கச்சேரி வேறு விஷயம். அதை நேற்றுதான் உடம்பால் தெரிந்துகொண்டேன். 2004-ல் அமெரிக்கன் ஐடல் என்ற பாட்டுப் போட்டியில் ஏழாவது இடத்தோடு வெளியேறிய ஜெனிஃபர் ஹட்சன் 2007-ல் ஆஸ்கர் வாங்கினார். போட்டி முடிந்த பிறகுதான் பாட்டு தொடங்குகிறது என்று எனக்கு இப்போது புரிகிறது.

இன்னும் எத்தனையோ பேர். தண்ணீர்க் கோப்பைக்குள் ஸ்டிராவை விட்டு ஊதியபடியே சுரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, கிசுகிசுப்பாகக்கூடப் பேசக் கூடாது என்று அதட்டிய குரல் பயிற்சி அக்கா. ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து டிராக் முழுவதையும் புதுச் சுருதிக்கு மாற்றிய சவுண்ட் இன்ஜினியர். என் மூச்சு குறையும் இடங்களில் சொல்லாமலே கொஞ்சம் கூடுதலாகப் பாடிய கோரஸ் தோழிகள். தள்ளிப்போன கச்சேரிக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் காத்திருந்த நீங்கள். இங்கிலாந்துப் பாடகி அடெல் 2011-ல் குரல் நாண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2012 பிப்ரவரியில் கிராமி மேடையில் பாடி ஆறு விருது வாங்கியதை எத்தனை பேர் எனக்கு அனுப்பினீர்கள்! ஒவ்வொன்றையும் படித்தேன், பதில் போடத் தெம்பில்லாமல் இருந்தேன். அம்மா, அப்பா, ஐந்து மாதம் வீட்டில் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்திருந்தீர்கள். உங்களுக்கு என்ன சொல்வது?

நேற்று அந்தப் பாட்டு வந்தபோது அரங்கத்தில் பாதிப் பேர் என்னோடு சேர்ந்து பாடினீர்கள். சுருதி இறங்கியிருந்ததை ஒருவர்கூடச் சொல்லவில்லை. கவனித்தவர்கள் இருந்திருப்பீர்கள், தெரியும். அவர்களுக்கும் நன்றி.

இனிமேல் கைதட்டலுக்காகச் சுருதியை ஏற்ற மாட்டேன். என்றைக்காவது என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் தோளைத் தூக்கிக்கொண்டு பாடினால், எனக்குத்தான் இந்தச் சுருதி வரவில்லை என்று முதலில் கையைத் தூக்குவேன்.

அண்ணா, அன்றைக்கு உங்களிடம் நன்றிகூடச் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் மறைத்ததை நானே வெளியே எடுத்ததாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். செவ்வாய்க்கிழமை ஒத்திகை இருக்கிறது. அந்தப் பாட்டு நாலரையிலேயே இருக்கட்டும். பட்டனை மட்டும் அழுத்திக்கொள்ளுங்கள்.