‘முகல்-ஏ-ஆசம்’ உடை, கவசக் கண்காட்சிக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 1960 ஆகஸ்ட் 5 அன்று வெளிவந்த, முகலாயப் பேரரசர் அக்பர் காலக் கதையான ‘முகல்-ஏ-ஆசம்’ இந்திப் படத்தின் உடைகளையும் கவசங்களையும் பற்றி மும்பையில் எங்கள் நண்பர் குழு நடத்திய சிறு கண்காட்சி, சென்ற ஞாயிறன்று நிறைவுற்றது. அதற்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் இம்மடல் வழியே நன்றி கூறுகிறோம்.

இயக்குநர் கே. ஆசிப் இப்படத்துக்கென உடை தைக்கத் தில்லித் தையற்காரர்களையும், பூவேலைக்குச் சூரத் பகுதிச் சரிகைக் கலைஞர்களையும், நகைக்கு ஹைதராபாத் பொற்கொல்லர்களையும், மணிமுடிக்குக் கோலாப்பூர்க் கைவினைஞர்களையும், வாளும் கேடயமும் கவசமும் அடிக்க இராஜஸ்தான் கொல்லர்களையும் அமர்த்தினார். காலணிகள் ஆக்ராவிலிருந்து வந்தன. ஆனால் படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. தங்கச் சரிகையும் அதில் சாம்பலாகத்தானே தெரியும், பிறகு ஏன் இத்தனை பாடு என்ற ஐயம் எங்களுக்கே இருந்தது.

அதைத் தீர்த்துவைத்தவர், தம் பட்டறையின் மரச்சட்டத்தையே அரங்குக்குத் தூக்கிவந்த முதிய ஜர்தோசிக் (பொன், வெள்ளிக் கம்பிப் பூவேலை) கலைஞர். சுருள்கம்பியை நெல்லளவு நறுக்கி, மணிபோல் ஊசியில் கோத்து, வெல்வெட்டில் ஒரேயொரு மாங்காய் வடிவத்தைத் தைத்து முடிக்க அவருக்குப் பிற்பகல் முழுதும் ஆயிற்று. பிறகு அதனருகே இயந்திரப் பூவேலைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, ஒற்றை விளக்கை மட்டும் எரியவிட்டார். இயந்திரத் துணி மின்விசிறிக் காற்றில் படபடத்தது. அவருடையதோ கனத்தால் நேராக விழுந்து, புள்ளி புள்ளியாக மினுங்கியது. நிறமில்லாத படச்சுருளுக்கு அந்த மினுக்கம் போதும் என்பது அப்போதுதான் விளங்கியது.

சங்கிலிக் கவசத்துக்கு நாங்கள் முதலில் அலுமினியக் கம்பி வாங்கிப் பணத்தை வீணாக்கினோம். இரும்புப் பட்டறைப் பெரியவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒவ்வொரு வளையமும் அண்டையிலுள்ள நான்கு வளையங்களைக் கோத்துக்கொள்ளும்படி இரும்பிலேயே பின்னிக் கொடுத்தார். அணிந்து நின்ற இளைஞர் பத்தே நிமிடத்தில் தோள் வலிக்கிறது என்றதும், இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டிப் பாரத்தைப் பாதி கீழே இறக்கியவரும் அவரே. படத்தின் நாயகி மதுபாலா இதய நோயோடு உண்மையான இரும்புச் சங்கிலிகளைச் சுமந்து நடித்தார் என்று நாங்கள் எழுதி வைத்திருந்த அட்டையின் முன், அதன்பிறகே கூட்டம் நின்று படித்தது.

1961இல் ‘அக்பர்’ என்ற பெயரில் தமிழ் பேசி வந்து, ஓடாமல் போன இதே படத்தின் பாட்டுப் புத்தகத்தை இரவல் தந்த மாட்டுங்கா அம்மையாருக்கும், அரங்கைத் துடைத்துக் கழுவிய தம்பிகளுக்கும் எங்கள் வணக்கம்.

கூலி வாங்க மறுத்துவிட்ட ஜர்தோசிப் பெரியவர் தம் ஊசிப்பெட்டியை அரங்கிலேயே மறந்து சென்றுவிட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நேரில் கொண்டுவந்து சேர்க்கிறோம்.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவினர், மும்பை