ஆண்டறிக்கை 2024–25: இலக்கிய மன்றப் பொதுக்குழுவில் செயலாளர் வைத்தது

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவில் போடப்படும். கட்டைவிரல் படம் போடுவதோடு நிறுத்தாமல் படித்தும் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் வாசிக்கப்பட்டது. ஆடிப்பெருக்கன்று சொற்பொழிவு நடந்தது. விஜயதசமி ஏடு தொடங்குதல், மார்கழித் திருப்பாவை, பொங்கல் கோலப் போட்டி, திருவள்ளுவர் நாள் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மூன்று நாள் நடக்கும் கம்பன் விழா இந்த ஆண்டு ஒரே நாளில் முடிந்தது. காரணம் சந்தா பற்றிய பகுதியில் வருகிறது.

செயற்குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. கூடியது ஏழு முறை. பதினொரு பேர் குழுவில் கூட்டம் செல்லுபடியாக (கோரம்) ஐந்து பேர் போதும். அந்த ஐந்தாவது ஆளுக்காக நான்கு பேர் இரண்டாவது டீயும் குடித்துக் காத்திருந்த நாட்கள் உண்டு. அந்த டீச்செலவும் கணக்கில் இருக்கிறது.

இனி இளையோர் இதிகாச வகுப்பு. செயலாளரின் சொந்த ஆசைக்கு மன்றத்தின் பணம் போகிறது என்று ஒரு பேச்சு காதுக்கு வந்தது. எனவே அங்கே என்ன நடக்கிறது என்பதை விரிவாகவே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான வகுப்பு இது. ஜூன் மாதம் ஞாயிறு காலை 7 மணிக்குத் தொடங்கினோம். மூன்றே வாரத்தில் டியூஷன் அதை விழுங்கிவிட்டது. பிறகு சனிக்கிழமை மாலை 5.30 முதல் 7 வரை என்று மாற்றியதும் நிலைத்தது. சேர்ந்தவர்கள் 31 பேர். ஆண்டிறுதி வரை வந்தவர்கள் 14 பேர். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிப்பவர்கள் டிசம்பரோடு நின்றுவிடுவார்கள் என்பது தெரிந்ததே. மற்றவர்கள் நின்றதற்குக் காரணம் எங்கள் தவறுகள்தான். அவற்றையும் எழுதுகிறேன்.

முதல் தவறு, கம்பராமாயணத்தின் கடவுள் வாழ்த்தில் தொடங்கியது. 'உலகம் யாவையும்' பெரிய பாட்டு. ஆனால் அதை விளக்கப் படைத்தல், காத்தல், அழித்தல் என்று போனால் ஒன்பதாம் வகுப்புப் பையன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறான். நான்காம் வாரம் யுத்த காண்டத்துக்குத் தாவி, கும்பகருணனை எழுப்பும் பாட்டை எடுத்தோம். பொருள் சொல்வதற்கு முன்பே ஓசை வேலை செய்துவிடும் பாட்டு அது:

உறங்குகின்ற கும்பகன்ன உங்கள்மாய வாழ்வெலாம்
இறங்குகின்ற தின்றுகாண் எழுந்திராய் எழுந்திராய்
கறங்குபோல விற்பிடித்த காலதூதர் கையிலே
உறங்குவாய் உறங்குவாய் இனிக்கிடந் துறங்குவாய்

பிள்ளைகளை இரண்டு வரிசையாக உட்கார வைத்து, அடிக்கு ஒரு வரிசையாகக் கைத்தட்டிச் சொல்ல வைத்தோம். பிறகு மெய்யெழுத்தை விட்டுவிட்டு எண்ணச் சொன்னோம். நான்கு அடியிலும் சரியாகப் பதினாறு எழுத்து வரும். ஒருவருக்குப் பதினைந்து வந்தால், பாட்டைத் தப்பாக எழுதியிருக்கிறார் என்று பொருள். இந்த ஒரு கணக்கைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள், நாங்கள் நகலெடுத்துக் கொடுத்த தாளிலேயே இரண்டு அச்சுப்பிழை கண்டுபிடித்தார்கள். எல்லாப் பாட்டிலும் இப்படி எண்ணிக்கை ஒத்து வராது; பல விருத்தங்களில் சீர்தான் கணக்கு. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாங்கள் சொல்லாமல் விட்டு ஒரு வகுப்பு வீணாயிற்று. மன்றத்தின் பின்சுவரை ஒட்டி விசைத்தறிக் கூடம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பாட்டுக்கு மட்டும் அந்தச் சத்தம் இடைஞ்சலாக இருக்கவில்லை.

பாட்டை எப்படி அச்சிட்டுக் கொடுப்பது என்பதிலும் அடிபட்டுத்தான் கற்றோம். சந்தி பிரிக்காத பழைய பதிப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள். முழுக்கப் பிரித்துக் கொடுத்தால் ஓசை செத்துவிடும். ஆகவே தாளின் இடப்பக்கம் சீர் பிரித்த பாடம், வலப்பக்கம் பதம் பிரித்த பாடம். உரை கிடையாது. உரையை அவர்களே பென்சிலில் எழுத வேண்டும். வாரம் ஒரு பாட்டுதான் மனப்பாடம். இரண்டு கொடுத்த வாரங்களில் இரண்டுமே வரவில்லை.

கம்பராமாயணம் பத்தாயிரம் பாட்டுக்கு மேல். ஆண்டுக்கு நாற்பது பாட்டு என்றால் எந்த நாற்பது? பக்திப் பாட்டுகளை மட்டும் பொறுக்கினால் பெரியவர்கள் தலையாட்டுவார்கள், பிள்ளைகள் தூங்குவார்கள். இந்த வயதுக்கு வழக்காடும் இடங்கள்தான் பிடிக்கின்றன: மந்தரையும் கைகேயியும், கோசலை முன் பரதன் இடும் சூளுரை, வாலி இராமனைக் கேட்கும் கேள்விகள், வீடணனை மறுத்துப் பேசும் கும்பகருணன், இரணியனும் பிரகலாதனும், அங்கதன் தூது. இரணியன் வதைப் படலம் வான்மீகியில் இல்லை, கம்பர் சேர்த்தது என்று சொன்னதும் "அப்படிச் சேர்க்கலாமா சார்?" என்ற கேள்வி வரும். அதற்காகவே அந்தப் படலத்தை வைக்கலாம்.

பதம் பிரித்தாலும் பொருள் தவறும். 'குகனொடும் ஐவர் ஆனேம்' பாட்டில் 'குன்று சூழ்வான் மகன்' யார் என்றால் பாதிப் பேர் அனுமன் என்கிறார்கள். மலை என்றதும் சஞ்சீவி மலை நினைவுக்கு வந்துவிடுகிறது. மேருவைச் சுற்றி வருகிறவன் சூரியன், அவன் மகன் சுக்கிரீவன். அண்ணன் தம்பி நால்வர், குகன் ஐந்து, சுக்கிரீவன் ஆறு, வீடணன் ஏழு என்று கரும்பலகையில் கோடு போட்டு எண்ணிக் காட்டினால்தான் நிற்கும்.

வகுப்பின் முதுகெலும்பு ஒரு நோட்டு. பக்கத்தை நீளவாக்கில் மூன்றாக மடித்து, வான்மீகி, கம்பர், டிவி என்று தலைப்பு. பிள்ளைகள் கதை தெரியாமல் வருவதில்லை. தொடரில் பார்த்த கதையோடு வருகிறார்கள். அதை மறுத்தால் சண்டை, அதற்கும் நோட்டில் ஒரு கட்டம் கொடுத்தால் ஆராய்ச்சி. இலக்குவன் போட்ட கோடு வான்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரில் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்க்கிறான். அகலிகை வான்மீகியில் யார் கண்ணுக்கும் படாமல் சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள், கம்பரில் கல்லாகிறாள். அணில் இந்த இரண்டிலும் இல்லாமல், தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் இருக்கிறது. அங்கேயும் முதுகில் மூன்று கோடு கிடையாது. 'குருடன் மகன் குருடன்' என்று பாஞ்சாலி சொன்னதாகச் சொல்லும் வசனம் வியாசரில் இல்லை.

செப்டம்பரில் நோட்டில் நான்காவதாக 'நம்ம ஊர்' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இராமனுக்குச் சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்திலேயே முடிசூட்டு நடந்தது என்பது அங்குள்ள கோதண்டராமர் கோயில் தலபுராணம். கம்பரிலோ அவரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் முன்னோர் எடுத்துக் கொடுக்க வசிட்டர் முடி சூட்டுகிறார். எது உண்மை என்று கேட்டால் இரண்டையும் அந்தந்தக் கட்டத்தில் எழுதச் சொல்வதே எங்கள் பதில். ஆடியில் சேலம் குகைப் பகுதியில் வேடமிட்டு வண்டியில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்கு வேடம் கட்டும் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வாரம் வரமாட்டார்கள். அந்த விடுப்பை விடுப்பாகக் கணக்கெடுக்கவில்லை; எந்த வேடம், எந்தக் கட்டத்துக் கதை என்று எழுதி வந்தால் போதும்.

பாரதத்துக்கு வில்லிபுத்தூரார். பத்துப் பருவம், நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு. இங்கே பாட்டைவிட உறவுமுறைதான் முட்டுக்கட்டை. வம்ச மரத்தைச் சந்தனுவில் தொடங்கி மேலிருந்து கீழாக வரைந்தால், அம்பிகை, அம்பாலிகையிடம் வரும்போது வியாசருக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. பஞ்ச பாண்டவரைத் தாளின் அடியில் எழுதி, அப்பா யார், அவருக்கு அப்பா யார் என்று மேலே ஏற வேண்டும். அப்போது கதையைச் சொன்னவரே பாட்டனாரும் ஆவார் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கணக்குப் பிடித்த பிள்ளைகளுக்கு அக்குரோணி என்ற படை அளவு: தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. விகிதம் 1:1:3:5. கௌரவர் பக்கம் பதினொன்று, பாண்டவர் பக்கம் ஏழு. மொத்தம் பதினெட்டையும் பெருக்கினால் 39,36,600. யானைப் பாகனும் தேரோட்டியும் இதில் சேர்த்தியா என்ற கேள்வியில் ஒரு மாலை முழுக்கப் போயிற்று. போனால் போகட்டும்.

தெருக்கூத்துக்கு ஒருமுறை அழைத்துச் சென்றது தோல்வி. கூத்து விடிய விடிய நடக்கும். பிள்ளைகள் ஒரு மணிக்கே சாய்ந்துவிட்டார்கள். அன்றைய கூத்து எது என்று முன்பே விசாரித்து, அந்தப் பகுதியை வகுப்பில் படித்துவிட்டு, முகவீணைக்கு அருகே உட்கார வேண்டும். தள்ளி உட்கார்ந்தால் ஒலிபெருக்கி இரைச்சலில் ஒரு சொல்கூட விளங்காது.

தாரமங்கலம் கயிலாசநாதர் கோயில் பயணம் அதை ஈடு செய்தது. வாலி வதைச் சிற்பத்தில் இராமன் தூணருகே நின்றால் வாலி தெரிவான். வாலி தூணருகே நின்றால் இராமன் தெரியமாட்டான். நண்பகலில் நடை சாத்திவிடுவதால் காலையிலேயே போய், ஆளுக்கு ஒரு தூண் என்று நிறுத்தி, இடம் மாற்றிப் பார்க்க வைத்தோம். அடுத்த சனிக்கிழமை வாலி வதை பற்றி வழக்காடு மன்றம். முதல் சுற்று சினிமாப் பட்டிமன்றம் போல் கைத்தட்டலுக்கு ஓடியது. இரண்டாம் சுற்றில் ஒரு விதி போட்டோம்: பாட்டைச் சொல்லாமல் வைக்கும் வாதத்துக்கு மதிப்பெண் இல்லை. உடனே 'கோ இயல் தருமம் உங்கள் குலத்து உதித்தோர்கட்கு எல்லாம்' என்று வாலி பக்கம் ஆரம்பித்துவிட்டது. மறைந்து நின்று எய்தது ஏன் என்பதற்கு இராமன் வாயால் பதில் தேடிய அணி திணறியது. ஏனென்றால் கம்பர் அந்தப் பதிலை இலக்குவனிடம் கொடுத்திருக்கிறார்: எதிரே வந்தால் நீயும் சரண் என்று விழுந்துவிடுவாய், உன் தம்பி சுக்கிரீவனுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். அதை ஒரு எட்டாம் வகுப்புப் பெண் எடுத்துச் சொன்னபோது நடுவரான தமிழாசிரியரே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

வேற்று மதப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்தது பற்றி எழுத்து மூலம் ஓர் ஆட்சேபம் வந்தது. சென்னைக் கம்பன் கழகத்தைக் கட்டி வளர்த்தவர் நீதியரசர் மு.மு. இஸ்மாயில் என்ற ஒரு வரியே பதிலாக அனுப்பப்பட்டது. ஆட்சேபம் எழுப்பியவர் சந்தா கட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்பதைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை.

சந்தா பற்றி. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். பதிவேட்டில் உள்ள உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் பாக்கி. வீட்டுக்குப் போனால் "அடுத்த மாசம் பாத்துக்கலாம் சார்", கடைக்குப் போனால் "வீட்ல வாங்கிக்கங்க". ஜிபேயில் அனுப்பிவிட்டேன் என்பவர்கள் எந்த எண்ணுக்கு அனுப்பினார்கள் என்பது பொருளாளருக்கும் தெரியவில்லை. வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரே பாக்கிப் பட்டியலில் இருக்கிறார்கள். பிள்ளைகள் முன்னால் கேட்க மனம் வரவில்லை. கம்பன் விழா ஒரு நாளாகச் சுருங்கியதற்கு இதுவே காரணம். வகுப்பு விழுங்கிவிட்டது என்று சொல்பவர்கள் செலவைப் பார்க்கலாம்: நகல் எடுத்தது, தாரமங்கலம் போன வேன் வாடகை, சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட். கற்பித்தவர் எவருக்கும் சன்மானம் கிடையாது. விழாப் பேச்சாளர் ஒருவரின் கார் செலவு இவ்வளவையும் தாண்டும்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகவே இருந்தன. சிறிதளவு கூடுதல் செலவை நண்பர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முந்தைய ஆண்டு இருப்பு அப்படியே வங்கியில் இருக்கிறது என்று பொருளாளர் தெரிவிக்கிறார். பேரேடு மேசைமேல் உள்ளது. சங்கப் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய கணக்கு, தணிக்கையாளர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

தலைவர் ஐயா, பொருளாளர், நடுவராக வந்த தமிழாசிரியர்கள், நகலைக் குறைந்த விலைக்கு எடுத்துக் கொடுத்த கடைக்காரர், குடிநீர் கேன் போட்டவர் அனைவருக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டில் வகுப்பு தொடர வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும். சொற்பொழிவாளர்கள் வேண்டாம், ஒரு மணி நேரம் தாமே பேசிவிடுவார்கள். பிள்ளைகளைச் சொல்ல வைத்து, தாம் பேசாமல் இருக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். நோட்டு ஒன்றுக்கு 40 ரூபாய் என்று இருபது பேருக்கு யாராவது ஏற்றுக்கொண்டால் பெயரை முதல் பக்கத்தில் போடலாம். போட வேண்டாம் என்றாலும் சரி.

செயலாளரின் பொறுப்புக் காலம் இன்றோடு முடிகிறது. மறுபடி நிற்கும் எண்ணம் இதுவரை இல்லை. மன்றக் கதவின் சாவியும் பீரோ சாவியும் கூட்டம் முடிந்ததும் மேசைமேல் வைக்கப்படும். எடுத்துக்கொள்பவர் வரும் சனிக்கிழமை 5.15க்குள் கதவைத் திறந்துவிட வேண்டும், பிள்ளைகள் 5.20க்கே வாசலில் நிற்பார்கள். அடுத்த பாட்டுக்கான தாள்கள் பீரோவின் இரண்டாம் தட்டில் உள்ளன.

அறிக்கை பொதுக்குழுவின் ஏற்புக்கு வைக்கப்படுகிறது.

செயலாளர்
சேலம்