கர்க்லண்டும் ஒனைடா மக்களும்

அன்புள்ள செல்வராஜ்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி இப்போது தேவலையா?

அமெரிக்கப் பூர்வகுடிகளான ஒனைடா மக்களிடையே ஊழியம் செய்த பாதிரியார் சாமுவேல் கர்க்லண்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1741இல் கனெக்டிகட்டில் பிறந்தவர். எலியேசர் வீலாக்கின் பள்ளியில் பூர்வகுடிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார். முதலில் செனெகா என்ற இன்னொரு பூர்வகுடியினரிடம் போய்ப் பட்டினி கிடந்தார். பிறகு 1766இல் குருப்பட்டம் பெற்று, ஒனைடாக்களின் பெரிய ஊரான கனொவலோஹலேவுக்கு வந்தார். இன்றைய நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதி அது.

மொழிதான் உனக்குப் பிடித்த இடம் என்று தெரியும். ஒனைடாவில் ப, ம, ஃப எதுவுமே கிடையாது. உதடு ஒட்டாமல் நம் புலவர்கள் வித்தை காட்டப் பாடிய நிரோட்டகம் அங்கே ஏறக்குறைய அன்றாடப் பேச்சு! மேரி அங்கே 'வாலி' ஆகிவிடுவாள். அதைவிடப் பெரிய முடிச்சு உறவுச்சொல். வெறுமனே 'தகப்பன்' என்று சொல்ல வழியில்லை. யாருடைய தகப்பன் என்பது சொல்லுக்குள்ளேயே ஒட்டியிருக்கும். பழந்தமிழின் எந்தை, நுந்தை, தந்தை மாதிரி. 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே' என்பது அப்படியே பெயர்த்தால் நிற்காது. இதே குடும்பத்து ஹூரான் மொழியில் தவித்த பிரேபஃப் பாதிரியார், 'எங்கள் தகப்பன், அவர் மகன், அவர்களுடைய ஆவி' என்று சொல்லலாமா என்று 1636இலேயே மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்.

ஞானஸ்நானத்தில் கர்க்லண்ட் கறார். பெற்றோர் சபையில் உறுதியாக இல்லாவிட்டால் குழந்தைக்குக் கொடுக்க மாட்டார். இதில் பலருக்கு மனத்தாங்கல். ஆண்கள் ஏர் பிடிக்க வேண்டும் என்ற போதனையும் எளிதில் எடுபடவில்லை. ஆமை, ஓநாய், கரடி என்று குலம் தாய்வழியில் போகிற ஊர் அது. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டு விளைவித்தவர்கள் பெண்கள். வயல் அவர்களுடையது.

பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கப் புரட்சிப் போரில் ஒனைடாக்களில் பெரும்பாலோர் அமெரிக்கர் பக்கம் நின்றதில் இவருக்கும் பங்கு உண்டு. 1777இல் ஒரிஸ்கனியில் சண்டை போட்டார்கள். 1780இல் கனொவலோஹலே எரிந்தது. நிலம் உங்களுடையதே என்று அமெரிக்க அரசின் 1784 உடன்படிக்கை வாக்குக் கொடுத்தது. நாலே வருஷம்! 1788இல் நியூயார்க் மாநிலம் வாங்கிக்கொண்டது போக, சுமார் 60 லட்சம் ஏக்கரில் மிஞ்சியது 3 லட்சம். அந்த வருஷமே கர்க்லண்டுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் நிலம் கிடைத்தது. அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த இடத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

1793இல் அவர் தொடங்கிய ஹாமில்டன்-ஒனைடா அகாடமி பூர்வகுடிகளும் குடியேறிகளும் சேர்ந்து படிப்பதற்கானது. வந்த ஒனைடா பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1812இல் ஹாமில்டன் கல்லூரியானபோது பெயரில் இருந்த ஒனைடாவும் போயிற்று.

கர்க்லண்ட் 1808இல் இறந்தார். அவரிடம் விசுவாசியான ஒனைடா தலைவர் ஸ்கெனண்டோவா 1816 வரை இருந்தார். உயிர்த்தெழும் நாளில் போதகரின் அங்கியைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டுமாம். பக்கத்திலேயே புதைக்கச் சொன்னார். அப்படியே புதைத்தார்கள். ஒனைடாக்களில் பலர் 1820களில் விஸ்கான்சினுக்குப் போனார்கள். அங்கே இன்றும் தங்கள் மொழியிலேயே ஞானப்பாட்டு பாடுகிறார்கள்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தேவா