சாவி இல்லாத குமாஸ்தா

இங்கிலாந்து
23 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள நைனாவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அம்மாவும் சுகம்தானே? போனில் நான் சொல்வதில் பாதி உங்கள் காதில் விழுவதில்லை. மீதியை அம்மா தமக்குப் பிடித்தபடி திருத்திச் சொல்லிவிடுகிறார். ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

இங்கிலாந்துத் திருச்சபைக் கோயில் ஒன்றின் அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும், "கர்த்தருடைய வேலை, உண்மையாகச் செய்" என்று சொல்லி போனை வைத்துவிட்டீர்கள். உண்மையாகத்தான் செய்கிறேன். ஆனால் சேர்ந்து எட்டு வாரமாகியும் அலுவலகச் சாவி என் கைக்கு வரவில்லை. காலை ஒன்பதரைக்குக் கதவுக்கு வெளியே தூறலில் நிற்கிறேன். நிர்வாகி அம்மா ஒன்பது முப்பத்திரண்டுக்குக் காரிலிருந்து இறங்குவார். கைப்பையிலிருந்து வளையத்தை எடுப்பார். அதில் பதினான்கு சாவிகள். எண்ணிவிட்டேன், நிற்பவனுக்கு வேறு என்ன வேலை? சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்வார்களே, அந்த வரிசையில் சாவி இல்லாத குமாஸ்தா ஒருவனையும் வேலூர் ஏற்றுமதி செய்திருக்கிறது. கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். என் சாவி எப்போது வருமோ தெரியவில்லை.

அந்த அம்மாவின் பெயரை எழுதப்போவதில்லை. நீங்கள் அம்மாவிடம் சொல்வீர்கள், அம்மா ஜெபக் கூட்டத்தில் விசேஷ ஜெபக் குறிப்பாகச் சொல்வார், அங்கே உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு நர்ஸின் அக்கா இதே ஊரில் இருப்பாள்.

நேரில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆயரையே இங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. முதல் வாரம் முழுவதும் யாரையும் கூப்பிடாமல், இருமிவிட்டுப் பேச்சைத் தொடங்கினேன். எனக்கு நெஞ்சில் சளி என்று நினைத்து ஒரு மூதாட்டி இருமல் மிட்டாய் வாங்கி வந்து கொடுத்தார்.

ஆயர் நல்ல மனிதர், கண்ணில் படுவதுதான் அரிது. மூன்று ஊர்க் கோயில்களுக்கும் அவர் ஒருவரே. ஓர் ஆயருக்குப் பல சபைகள் என்ற நம் கிராமச் சேகரங்களின் கதைதான், மோட்டார் சைக்கிளுக்குப் பதில் ஒரு பழைய கார். வேலூர் என்றதும் மருத்துவக் கல்லூரியைச் சொன்னார். 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய கதை அவருக்குத் தெரிந்திருந்தது. நிர்வாகி அம்மாவோ, நான் எந்த வயதில் கிறிஸ்தவனாக மாறினேன் என்று கேட்டார். ஆற்காடு மிஷன் 1853-இல் தொடங்கியது, என் கொள்ளுத்தாத்தா அதன் பள்ளியில் படித்தவர், எங்கள் கோட்டைக்குள் இருக்கும் தூய யோவான் ஆலயமே 1846-இல் கட்டியது என்று அடுக்கினேன். "அப்படியா? இந்தக் கோபுரம் பதினைந்தாம் நூற்றாண்டு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை தாள் மடிப்பது. ஞாயிறு அறிவிப்புத் தாள், எண்பது பிரதிகள். கோயில் படம் வெளிப்பக்கம் வர வேண்டும், ஓரத்தோடு ஓரம் பொருந்த வேண்டும், மடிப்பின் மேல் ஸ்கேலை வைத்து ஒருமுறை இழுக்க வேண்டும். ஒன்பது வருஷம் கல்லூரி அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன் நான். எண்பதையும் மடித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து பதினொன்றைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் வாரம் ஏழு. இப்போது இரண்டு, மூன்று. ஒன்றுமே இல்லாத நாளில்கூட ஒன்றைத் திருப்பிக் கொடுப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு ரகசிய எண் உண்டு. பக்கத்திலேயே ஒரு நோட்டு: தேதி, எத்தனை பக்கம், என்ன காரணம். மண்டப வாடகை டைரியில் பென்சிலால் மட்டுமே எழுதலாம். ரப்பர் அவருடைய மேசை டிராயரில். தபாலை நான் எடுத்து வரலாம், முகவரி மேலே தெரியும்படி அவர் மேசையில் வைக்கலாம், பிரிக்கக் கூடாது. தொலைபேசி மூன்று முறை அடித்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஹீட்டர் பத்து மணிக்குத்தான். கத்திரி வெயிலில் வளர்ந்த உடம்பு இது, நைனா. பத்து மணி வரைக்கும் கோட்டைக் கழற்றாமலே வேலை செய்கிறேன்.

எதைக் கேட்டாலும் "அது விதி" என்பார். ஆகவே இரண்டாம் வாரத்தில் ஒரு சிறு குறிப்பேடு வாங்கி, நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் சட்டம். வலப்பக்கம் நிர்வாகி அம்மாவின் சட்டம். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் வலப்பக்கமே எழுதினேன். பிறகு படிக்கப் படிக்க, சிலவற்றை அடித்துவிட்டு இடப்பக்கம் மாற்ற வேண்டி வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காணிக்கை விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். வரி கட்டும் ஒருவர் கோயிலுக்கு ஒரு பவுண்டு போட்டால், அரசாங்கம் அதற்கு மேல் 25 பென்ஸ் கோயிலுக்குக் கொடுக்கிறது. அவர் கட்டிய வரியிலிருந்து திரும்பி வரும் பணம் அது. நம் ஊரில் 80ஜி ரசீது கொடுத்தால் வரிச் சலுகை நன்கொடை கொடுத்தவருக்குப் போகிறது. இங்கே கோயிலுக்கு வருகிறது. ஆனால் பெயர், வீட்டு முகவரி எல்லாம் எழுதிய உறுதிமொழி ஒன்று கோயிலின் கையில் இருக்க வேண்டும். உறைகளில் எண் போட்டு, எந்த எண் யாருடையது என்று பேரேடு வைத்திருக்கிறோம், நம் சந்தா அட்டை மாதிரி. நான் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, ஓர் எண்ணைச் சுட்டி, "இவரை எடுத்துவிடுங்கள்" என்றார். உறுதிமொழி இருக்கிறதே என்றேன். கணவர் இறந்த பிறகு அந்தப் பாட்டியின் வருமானம் வரி வரம்புக்குள் வருவதில்லையாம். கட்டாத வரியைக் கோயில் கேட்டு வாங்கிவிட்டால், அந்தத் தொகை பாட்டியின் தலையில்தான் விழும். எண்ணூறு பதிவுகளில் அந்த ஒரு பதிவு அவர் கண்ணில் பட்டது. அன்று குறிப்பேட்டில் ஓர் அம்புக்குறி போட்டேன், வலத்திலிருந்து இடத்துக்கு.

கோயில் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலும் அப்படியே. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை பழைய பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக எழுத வேண்டும். 2019-இல் எழுதினார்கள், இந்த வருஷம் மறுபடியும். அறுபது வருஷமாக அதே பெஞ்சில் உட்காரும் பெரியவர்களும் புதிதாக விண்ணப்பம் நிரப்ப வேண்டும். ஒருவர் கோபத்தில் தாளை என் மேல் எறிந்துவிட்டுப் போனார். அம்மாவின் கெடுபிடி என்றுதான் நினைத்தேன், உண்மையான விதியாம். என்னையும் நிரப்பச் சொன்னார். நம் தென்னிந்தியத் திருச்சபை இவர்களோடு ஐக்கியத்தில் உள்ள சபை, ஆகவே தடையில்லை. ஆனால் மூன்று முறை எழுதவைத்தார். ஒருமுறை கையெழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது. அது வலப்பக்கம்.

இனி ஞானஸ்நான விஷயம். இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் மருமகளோடு அதே வார்டில் வேலை பார்க்கும் ஒரு மலையாளப் பெண், கொல்லத்துக்காரி. கைக்குழந்தை, பெண், ஏழு மாதம். கணவனும் மனைவியும் குழந்தையோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். ஞானத்தாயாக நிற்க உங்கள் மருமகள் சம்மதித்திருந்தாள். ஞானத்தந்தை வேறு ஊரில் இருக்கும் ஒரு சித்தப்பா மகன். அம்மா படிவத்தைக் காட்டினார்: ஞானப்பெற்றோர் மூவர் கட்டாயம், பெண் குழந்தைக்கு இரண்டு பெண்களும் ஓர் ஆணும். "எங்களுக்கு இங்கே வேறு யாரையும் தெரியாதே" என்றான் அந்தப் பையன். "மூவர். அது விதி. கிடைத்ததும் வாருங்கள்" என்றார் அம்மா. அவர்கள் தலையாட்டிவிட்டு, நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வதுதானே நம்மவர் வழக்கம்.

எனக்கு மனம் ஆறவில்லை. அலமாரியில் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இருந்தது. யாரும் தொட்டு நாளாகியிருக்கும். எடுத்துத் தேடினேன். பி 23 என்ற பிரிவு. மூவர் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதே வாக்கியத்தின் வால் பகுதியில், மூவர் எளிதில் கிடைக்காதபோது ஒரு ஞானத்தந்தையும் ஒரு ஞானத்தாயும் போதும் என்று இருக்கிறது. அதற்கு முந்திய பிரிவில், அந்தச் சேகரத்துக் குழந்தையை ஆயர் மறுக்கக் கூடாது, பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் ஆயத்தப்படுத்துவதற்காக அன்றித் தாமதிக்கவும் கூடாது என்று இருக்கிறது. படிவத்தை அடித்தவர் யாரோ, வாக்கியத்தின் தலையை எடுத்துக்கொண்டு வாலை விட்டுவிட்டார்.

ஆயரிடம் போயிருக்கலாம். போகவில்லை. அது பின்வாசல். இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்தேன். நோட்டில் தேதி எழுதி, பக்கம் 2 என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் "விதி" என்று எழுதினேன். தபாலை வைப்பதுபோலவே, எழுத்து மேலே தெரியும்படி அவர் மேசையில் வைத்தேன். கை நடுங்கியது, குளிரும் ஒரு காரணம், மணி பத்தாகவில்லை.

இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார், தமக்கு மட்டும். டிராயரிலிருந்து ரப்பரை எடுத்து, டைரியில் எதையோ அழித்து, ஏதோ எழுதினார். பிறகு என்னைப் பார்க்காமலே, "அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 27. கட்டணம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லுங்கள், சில பேர் தெரியாமல் பயப்படுகிறார்கள்" என்றார். ஆமாம், இங்கே ஞானஸ்நானத்துக்குக் கட்டணம் கிடையாது.

மறுநாள் அலமாரியில் சட்டத் தொகுப்பு இல்லை. கண்ணாடிப் பீரோவுக்குள் இருந்தது, பூட்டி. வளையத்தில் இப்போது பதினைந்து சாவிகள்.

இருமல் மிட்டாய்ப் பாட்டியிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, இந்த அம்மா வந்து இருபத்திரண்டு வருஷத்தில் நான்கு ஆயர்கள் மாறிவிட்டார்கள் என்றார். ஒருமுறை ஒன்றரை வருஷம் ஆயரே இல்லையாம். அப்போதும் ஞாயிறு தவறாமல் மணி அடித்ததாம், தாள் மடிந்ததாம். மடிந்திருக்கும், ஸ்கேல் போட்டு.

இதையெல்லாம் எழுதும்போது உங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பொருளாளராக இருந்த காலம் முழுவதும் காணிக்கைப் பெட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டுதான் தூங்கினீர்கள். உங்களுக்கு உதவியாளராகப் போட்ட அந்த அண்ணன், ஆராதனை முடிந்ததும் நீங்கள் வந்து திறக்கும்வரை கோயில் படியில் காத்திருப்பார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து புளியங்காய் தின்பேன். அவர் எண்ணி அடுக்கிய சில்லறையை நீங்கள் கலைத்து மறுபடி எண்ணுவீர்கள். ஒருநாள்கூடத் தவறு வந்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது குடியாத்தத்தில் இருக்கிறார் என்று அம்மா சொன்னார். அந்தப் பக்கம் போனால் அவரைப் பார்த்து, நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டலாம்.

மற்றபடி, இங்கே ஊர் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது, வருஷம் முழுவதும் தண்ணீர். 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது ஊரே திரண்டு போய்ப் பாலத்தில் நின்றோமே, அதுபோல நான் மட்டும் தினமும் நின்று பார்க்கிறேன். யாரும் நிற்பதில்லை. பாப்பா பள்ளியில் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள், வீட்டில் தமிழில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். அம்மாவை அவளோடு தினமும் பேசச் சொல்லுங்கள். யாராவது வந்தால் மல்லாட்டை கொடுத்து அனுப்புங்கள். மக்கன் பேடா வேண்டாம், போன முறை ஜீரா ஒழுகிப் பெட்டியெல்லாம் பிசுபிசுத்துவிட்டது.

வரும் ஞாயிறு அதிகாலை இங்கே எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். அதன் பிறகு உங்களுக்கும் எங்களுக்கும் நான்கரை மணி நேரம்தான் வித்தியாசம், போன் செய்யும்போது நினைவிருக்கட்டும். அன்றே அன்னையர் ஞாயிறு. வருகிற பெண்களுக்கெல்லாம் சிறு பூச்செண்டு கொடுப்பார்கள். மண்டபத்துக் கடிகாரம் உயரத்தில் இருக்கிறது, நிர்வாகி அம்மாவுக்கு முழங்கால் வலி. இந்த வருஷம் ஏணியில் என்னை ஏறச் சொல்லியிருக்கிறார். முள்ளை நானே திருப்பலாம். நேரத்தை அவர் கீழே நின்று சொல்வாராம்.

உங்கள் அன்பு மகன்