பெட்டியைத் திறக்க முதல்

பருத்தித்துறை

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டும்தான்.

நீ வாங்கிய பழைய வால்வு றேடியோ (கண்ணாடிக் குழாய் வைத்தது) நிலையங்களைச் சரியாக இழுக்கவில்லை என்றாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி அப்பா" என்பாய், அதுதான் எழுதுகிறேன்.

எங்கள் பெட்டிக்கும் போன மாதம் இதே கோலம். திருச்சி வானொலி கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போல் கேட்டது. திருத்த வந்தவர் வால்வு செத்துவிட்டது என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏரியல் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் கம்பி வழியாக ஒன்றுமே வரவில்லை என்றுதானே அர்த்தம்? கம்பியைப் பிடித்துக்கொண்டே தென்னை வரைக்கும் போனேன். டேப் சுற்றிய பொருத்துக்குள் பச்சைப் பொடி. கடற்காற்று செப்பைச் சும்மா விடுமா? சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்தேன். பழைய குரல் வந்துவிட்டது.

உன் நாட்டுச் சிறிய பெட்டிகள் பலவற்றில் பின் அட்டையில் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிதான் ஏரியல். அது அறுந்திருக்கிறதா என்று பார். பிறகு பெட்டியை மெல்லத் திருப்பி வை. ஒரு திசையில் நிலையம் எழும், இன்னொரு திசையில் படுக்கும். அவற்றில் ட்ரான்ஸ்போமர் இல்லாததும் உண்டு, உள்ளே இருக்கும் தகரமே கரண்டில் நிற்கும். ப்ளக்கைக் கழற்றாமல் கை வைக்காதே, எர்த்தும் கொடுக்காதே. கழற்றிய பிறகும், கரண்டைப் பிடித்து வைக்கும் கப்பாசிற்றர் கொஞ்ச நேரம் அடிக்கும். கம்பிச் சுருள்கள் இருக்கும் அலுமினியக் குவளைகளின் தலையில் திருகாணி தெரியும்; அநேகமாக 455 கிலோஹேர்ட்ஸ் என்ற உள் அலைவரிசைக்குச் சரிபார்த்து வைத்தது. கை அரித்தாலும் திருகாதே.

1990 இல் கரண்ட் போன பிறகு எங்கள் பெட்டி வருடக்கணக்கில் சும்மா கிடந்தது ஞாபகமா? சைக்கிள் டைனமோவில் ட்ரான்சிஸ்டர் பாடும், நீதான் பெடல் சுற்றுவாய். வால்வுக்கு 200 வோல்ட் வேண்டுமே, அதற்கு எந்தக் கை சுற்றும்! கரண்ட் திரும்பி வந்ததும் கடதாசிக் கப்பாசிற்றர்களை மாற்றிவிட்டுத்தான் போட்டேன். அந்த வேலையை மட்டும் தெரிந்தவர் ஒருவரிடம் கொடு.

'கிர்' என்ற இரைச்சல் இருந்தால் வீட்டில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார். இங்கே எல்ஈடி பல்ப் ஒன்றும் நீ அனுப்பிய போன் சார்ஜரும் அகப்பட்டன. பல்பை மாற்றிவிட்டேன். சார்ஜரைக் கழற்ற அம்மா விடுகிறாள் இல்லை. நீ எடுக்கிற நேரம் போன் செத்துக் கிடக்கக் கூடாதாம். இரைச்சலோடுதான் செய்தி கேட்கிறேன்.

அப்பா