குழாயை இறக்கிவைத்த மைக் செட் அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

தோப்புக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் விசாரித்தவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் குதிரை செல்லி நன்றாக இருக்கிறாள். காலையில் புல் தின்றாள், தண்ணீர் குடித்தாள், என் துப்பட்டாவையும் ஒரு கடி கடித்துப் பார்த்தாள். அதை முதலில் சொல்லாவிட்டால் மேற்கொண்டு யாரும் படிக்க மாட்டீர்கள். அவளுக்கு வயிறு அடைத்த அந்த ராத்திரி என்ன நடந்தது, விழாவுக்கு மைதானம் ஏன் இல்லாமல் போனது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நடக்காது என்று கையை விரித்த பிள்ளைகளின் குதிரை விழா சனிக்கிழமை தோப்பில் நடந்தே விட்டது. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

மைக் செட் அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். போடாவிட்டாலும் தக்கலைப் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் யார்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குட்டியானை வண்டியில் சாமான் வந்து இறங்கியது. நம்ம ஊர் விழா எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ, தென்னைக்குத் தென்னை குழாய் ஸ்பீக்கர் அலற வேண்டும். அவரும் முதல் குழாயைக் கட்டிவிட்டு, 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்றார். ஷெட்டில் சோர்ந்து நின்ற செல்லி வெடுக்கென்று தலையைத் தூக்கினாள். குதிரையின் காதுகள் இரண்டும் தனித்தனியே திரும்பும், முன்னிருந்து பின்வரை அரைவட்டம் சுற்றும். நமக்கு எட்டாத கீச்சுச் சத்தம்கூட அதற்குக் கேட்கும். அன்று அவள் காதில் ஒன்று குழாயைப் பார்த்து நின்றது, இன்னொன்று எங்களைப் பார்த்து நின்றது. அண்ணன் ஏணியில் நின்றபடி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவள் நாளைக்கு வெளியே வர மாட்டாள் அண்ணே. வரப்போவது கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற குதிரை. செண்டை மேளமே அதுக்குப் பழக்கம்" என்று எங்களில் ஒருவர் சொன்னார்.

"குதிரைக்குப் பழக்கம், சரி. பிள்ளைகளுக்கு?" என்றார் அவர். "எங்க வீட்டில் ஒரு பேத்தி உண்டு. வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போயிருவாள். திருவிழாவுக்கே கூட்டிட்டுப் போனது கிடையாது."

அப்புறம் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கட்டிய குழாயை அவிழ்த்துக் குட்டியானையில் போட்டார். வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோகிற சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து, தரையில் ஒரு பலகை மேல், குதிரை சுற்றுகிற வட்டத்துக்கு முதுகு காட்டி வைத்தார். ஜெனரேட்டரின் கடகட சத்தமும் வேண்டாம் என்று அதை சானல் வாய்க்காலுக்கு அக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். வயர் எட்டவில்லை. தொழிலில் தனக்குப் போட்டியான இன்னொரு மைக் செட்காரருக்குப் போன் போட்டு, ஒரு சுருள் வயரை இரவல் வாங்கிவந்தார். ஒரு குழாய்க்கு இவ்வளவு என்றுதானே அவர்கள் வாடகை? இறக்கி வைத்ததில் நஷ்டம் அவருக்குத்தான். சத்தம் விற்றுச் சாப்பிடுகிற மனிதர் இதைச் செய்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

மறுநாள் மைக்கையும் அவரே பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேசுகிற குரலில், "மக்களே, யாரும் கை தட்டாதீங்க. பிள்ளை குதிரையில் வரும்போது ரெண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டுங்க, போதும்" என்றார். பெரியவர்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். பிள்ளைகள் ஆரம்பித்ததும் எல்லாருமே ஆட்டினார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் காதைப் பொத்திக்கொண்டு அழுகிற ஒரு பையன் அன்று வந்திருந்தான். பெயர் வேண்டாம், அம்மாவுக்குப் பிடிக்காது. ஒரு சுற்று போனான். இறங்கச் சொன்னதும் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றான். வரிசையில் அடுத்து நின்ற பாப்பா, "அவனே போகட்டும்" என்று தன் முறையை விட்டுக்கொடுத்தாள். அந்தப் பாப்பாவுக்கும் இங்கே ஒரு நன்றி.

தாடைப்பட்டி போட்ட ஹெல்மெட், சேணத்தில் கால் வைக்கிற வளையத்துக்குள் பாதம் நுழைந்து மாட்டாதபடி குதிகால் வைத்த ஷூ, கயிறு பிடித்து நடக்க ஒருவர், பக்கத்தில் ஒருவர், குதிரையின் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் நிற்காதே, அங்கே நிற்கிறவரை அதற்குக் கண் தெரியாது என்ற பாடம் - இதெல்லாம் பிள்ளை விழாமல், அடிபடாமல் இருப்பதற்கு. ஆனால் பயந்த பிள்ளை வந்த இடத்தில் நிற்க வேண்டுமே! அதற்கு வேண்டியதைச் செய்தவர் அவர்தான்.

மற்றவர்களைச் சேர்த்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கூப்பிட்ட நேரத்தில் வந்து விடியும்வரை இருந்த கால்நடை டாக்டருக்கு நன்றி. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிற்றில் சிக்கியது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும் என்று அவர் எங்களுக்கு விளக்கியதும், மாறி மாறி அவளை நடக்கவைத்த தம்பிகளில் ஒருவன் விடியற்காலையில் "அக்கா, லத்தி போட்டுட்டாள்!" என்று போனில் கத்தியதும் சாகும்வரை மறக்காது. அவ்வளவு நல்ல செய்தியை நான் கேட்டதே இல்லை. தோப்பைத் திறந்துவிட்டு, விழுகிற தேங்காய்களை முன்னதாகவே பறித்துப் போட்ட பெரியவர், கல்யாணக் குதிரையை வாடகை பேசாமல் கொண்டுவந்த அண்ணன், மட்டிப்பழக் குலை அனுப்பியவர், தோவாளையிலிருந்து பூ கொண்டுவந்த அக்கா, எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் கேந்திப்பூ மாலையைப் போட்டோ எடுக்கும் முன்னாலேயே குதிரை தின்றுவிட்டது.

ஏறுபடி செய்துகொடுத்த ஆசாரிக்குத் தனியாக ஒரு வார்த்தை. காலில் கம்பி போட்ட பிள்ளையும் பிடித்து ஏறுகிற மாதிரி அகலப் படியும் கைப்பிடியும் வைத்திருந்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் லிஸ் ஹார்டெல் என்ற டென்மார்க் பெண் டிரெஸ்ஸாஜில், அதாவது குதிரையை அசைவு பிசகாமல் நடத்திக் காட்டுகிற போட்டியில், வெள்ளி வாங்கினார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது, ஏறியபின் வேண்டியிருக்கவில்லை. இதை ஆசாரியிடம் சொன்னபோது, "அப்போ கைப்பிடிக்கு இன்னொரு கோட் வார்னிஷ் அடிக்கிறேன்" என்றார்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வாங்கியதைச் சொல்லி, "எங்க பிள்ளைக்கும் போட்டி வையுங்க" என்று சில பெற்றோர்கள் கேட்டார்கள். வைப்போம், கொஞ்சம் வளரட்டும். சின்னவர்களுக்கு முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. அன்று குதிரையில் ஏறவே மாட்டேன் என்று சொல்லி, கழுத்தை மட்டும் பிரஷ் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளைக்கும் ரிப்பன் கொடுத்தோம். இனியும் கொடுப்போம். வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம், பிள்ளைகளை வரிசையில் காயவிட மாட்டோம், குழாய் கட்ட மாட்டோம். நோட்டீஸிலேயே அச்சடிக்கப்போகிறேன்.

இரண்டு காரியம் பாக்கி. சின்ன சைஸ் ஹெல்மெட்டில் சிலது திரும்பி வரவில்லை. ஒரு வீட்டில் அதைப் போட்டுக்கொண்டே தூங்குகிறார்களாம். அவசரமில்லை, அடுத்த வகுப்புக்குக் கொண்டுவந்தால் போதும். மைக் செட் வாடகைப் பணம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. போன் எடுத்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்துவிடுகிறார். அவரை எங்கேயாவது பார்க்கிறவர்கள் பிடித்து நிறுத்தி எனக்கு ஒரு போன் போடுங்கள், நானே வந்து கொடுத்துவிடுகிறேன்.